பெற்றோல் ஆவி: பாகத்தை மாற்றுமுன் காரணத்தைக் கண்டறிவோம்

இடம்பெயர்ந்து திரும்பிய ஒரு குடும்பம் முதலில் வீட்டையும் கிணற்றையும் வேலியையும் சீர்செய்கிறது. அதன்பின் சீட்டுக் காசையும் நகை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து ஒரு பழைய வாகனத்தை வாங்குகிறது. அது முச்சக்கர வண்டியாகவோ, சிறிய வானாகவோ, காராகவோ இருக்கலாம். மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றுவதும், பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவதும், நடுச்சாமத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அந்த ஒரு வாகனம்தான். ஒரு குடும்பத்தின் வாகனம் என்றாலும் பத்துக் குடும்பங்கள் அதை நம்பியிருக்கின்றன.

அந்த வாகனத்தில் ஒருநாள் பெற்றோல் மணம் வீசத் தொடங்குகிறது. அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போது இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. கராஜுக்குக் கொண்டுபோனால் ஒருவர் தாங்கியை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் பெற்றோல் பம்பை மாற்றச் சொல்கிறார். பல ஆயிரம் ரூபா செலவான பின்பும் மணம் போவதில்லை. இப்படியான பழுதுகளுக்குப் பல வேளைகளில் காரணமாக இருப்பது வெடித்துப்போன ஒரு றப்பர் வளையம் அல்லது மண் அடைத்த ஒரு சிறிய குழாய். விலையுயர்ந்த பாகத்தை வாங்குமுன் மலிவான காரணங்களை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கும் முறையை இப்பாடத்தில் கற்போம். வாகனம் திருத்தும் தொழில் பழகும் இளைஞர்களுக்கும், வாகனம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் இது பயன்படும்.

1. எரிவது திரவமா, ஆவியா?

1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வடக்கில் மோட்டார் சைக்கிள்களையும் பழைய கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டியதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்போதும் எஞ்சினை முதலில் இயக்குவதற்குச் சில துளி பெற்றோல் தேவைப்பட்டது. எஞ்சின் சூடேறிய பின்பே மண்ணெண்ணெயில் ஓடியது. இதற்குக் காரணம் என்ன?

எஞ்சினுக்குள் எரிவது திரவம் அல்ல. காற்றோடு கலந்த ஆவியே எரிகிறது. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ் குளிரிலேயே அது தீப்பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்கும். மண்ணெண்ணெய்க்குப் பூச்சியத்துக்கு மேலே ஏறக்குறைய 38 பாகையும், டீசலுக்கு 50 பாகைக்கு மேலும் சூடு வேண்டும். எமது வெயிலில் பெற்றோல் எந்நேரமும் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

பெற்றோல் ஆவியைப் பற்றி இன்னும் இரண்டு விடயங்களை மனதில் வைத்திருப்போம். முதலாவது, அது காற்றைவிட 3 முதல் 4 மடங்கு பாரமானது. மேலெழுந்து கலைந்துபோகாமல் நிலத்தோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். இரண்டாவது, காற்றில் 100 பங்குக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு பெற்றோல் ஆவி கலந்தாலே அது தீப்பற்றப் போதுமானது. கிடுகுக் கொட்டிலின் ஒரு மூலையில் மோட்டார் சைக்கிளும் மறு மூலையில் குப்பி விளக்கும் இருந்தால், இடையிலுள்ள தூரம் எம்மைக் காப்பாற்றாது. ஆவி தரையோடு ஊர்ந்து விளக்கைத் தேடிப் போகும்.

2. தாங்கியும் மூச்சுவிட வேண்டும்

தோட்டத்தில் நீர் இறைக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். சில நாட்களில் அது கால் மணி நேரம் ஓடிவிட்டு நின்றுவிடும். தாங்கியில் எண்ணெய் இருக்கும். மூடியைக் கழற்றிப் பூட்டினால் மீண்டும் ஓடும்; சிறிது நேரத்தில் திரும்பவும் நிற்கும். மூடியில் உள்ள சிறிய துவாரத்தில் சேறு அடைத்திருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். எண்ணெய் வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வாகனத்தின் தாங்கியும் இப்படித்தான். ஓடும்போது அது காற்றை உள்ளே இழுக்க வேண்டும். வெயிலில் நிற்கும்போது உள்ளே பெருகும் ஆவியை வெளியே விட வேண்டும். பழைய வாகனங்களில் இரண்டு வேலையையும் மூடியில் இருந்த துவாரமே செய்தது. ஆவி நேரே வெளிக்காற்றில் கலந்தது. பணம் கொடுத்து வாங்கிய பெற்றோலில் ஒரு பகுதி இப்படிக் காற்றோடு போனது.

இது வெறும் வீண்செலவு மட்டும் அல்ல என்பது அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தெரியவந்தது. 1940களில் அந்நகரை ஒரு புகைமூட்டம் மூடியது. மக்களின் கண்கள் எரிந்தன. சுற்றுப்புறத் தோட்டங்களில் கீரைப் பயிர்களின் இலைகள் நிறம் மாறிக் கருகின. அன்னாசிப்பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன் ஸ்மிற் என்ற விஞ்ஞானி 1950களின் தொடக்கத்தில் இதற்கு விளக்கம் கண்டார். பெற்றோல் ஆவியும் வாகனப் புகையிலுள்ள நைதரசன் வாயுக்களும் சூரிய ஒளியில் சேர்ந்து, பயிரையும் சுவாசப்பையையும் தாக்கும் ஓசோன் வாயுவை உண்டாக்குகின்றன என்பதே அவர் கண்டது. இதன் பின்னர் கலிபோர்னியா மாநிலத்தில் 1970ஆம் ஆண்டு வாகனங்களிலிருந்தும், அமெரிக்கா முழுவதிலும் 1971ஆம் ஆண்டு வாகனங்களிலிருந்தும் தாங்கியின் ஆவியைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. காலப்போக்கில் யப்பானிய, இந்திய வாகனங்களிலும் அது வந்தது.

3. ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டி

இந்த ஏற்பாட்டில் முக்கியமாக நான்கு உறுப்புகள் உள்ளன.

முதலாவது, தாங்கியின் மூடி. இவ்வாகனங்களில் மூடி ஆவியை வெளியே விடாது. றப்பர் வளையம் ஒன்று அதை இறுக்கமாக வைத்திருக்கும்.

இரண்டாவது, கரிப்பெட்டி. கராஜில் இதைக் கனிஸ்ரர் என்பார்கள். பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றுக்குள் பதப்படுத்திய கரித்துணிக்கைகள் நிறைந்திருக்கும். எமது நாட்டில் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து இவ்வகைக் கரியைச் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். வாகனப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் மரத்திலிருந்து செய்த கரி பயன்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகள் அதில் உண்டு. ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் 1000 சதுர மீற்றருக்கு மேல் வரும். அதாவது கால் ஏக்கர் நிலம். தாங்கியிலிருந்து வரும் ஆவி இத்துளைகளில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, பேர்ஜ் வால்வு. கரிப்பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் கதவு இது. எஞ்சின் சூடேறி ஓடும்போது இது திறக்கும். எஞ்சின் உறிஞ்சும் காற்று, கரியில் ஒட்டிய ஆவியை இழுத்துச் சென்று எரித்துவிடும். எஞ்சின் நிற்கும்போது இது மூடியிருக்க வேண்டும்.

நான்காவது, வென்ற் வழி. கரிப்பெட்டிக்குள் வெளிக்காற்று வரும் பாதை இது. சில வாகனங்களில் இதில் ஒரு மின் வால்வு உண்டு. அது சாதாரணமாகத் திறந்திருக்கும்.

பேர்ஜ் வால்வு சாதாரணமாக மூடியிருக்கும், வென்ற் வால்வு சாதாரணமாகத் திறந்திருக்கும் என்ற ஒன்றை மறவாதிருந்தால் பாதிப் பழுதுகளை இலகுவாகக் கண்டுபிடிக்கலாம். டீசல் மிகக் குறைவாகவே ஆவியாவதால் டீசல் வாகனங்களிலும் லான்ட்மாஸ்ரரிலும் கரிப்பெட்டி இல்லை. ஆனால் அவற்றின் தாங்கிக்கும் காற்று வழி வேண்டும்.

4. அறிகுறிகள் சொல்வது என்ன?

• ஓடும்போது இழுவை குறைந்து நிற்கிறது. மூடியைத் திறந்தால் காற்றைப் பலமாக உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கிறது. பூட்டினால் சிறிது தூரம் நன்றாக ஓடுகிறது. இது காற்று வழி அடைபட்டதன் அடையாளம். மூடியைத் திறக்கும்போது மெல்லிய சத்தம் வருவது பழுதல்ல.

• பெற்றோல் நிரப்பியதும் எஞ்சின் இலகுவில் இயங்க மறுக்கிறது, இயங்கினாலும் நடுங்குகிறது. பேர்ஜ் வால்வு மூடாமல் திறந்தபடி நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

• பெற்றோல் செற்றில் நிரப்பும்போது தாங்கி நிறையாமலே குழாய் மீண்டும் மீண்டும் தானாக நின்றுவிடுகிறது. உள்ளிருக்கும் ஆவி வெளியேற வழியில்லை. வென்ற் வழியை அல்லது கரிப்பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

• வெயிலில் நிறுத்தியபோது வெளியே மணம் வருகிறது. மூடியின் வளையம், குழாய்கள், கரிப்பெட்டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

• தாங்கி நிரம்பியிருக்கும்போது வாகனத்துக்குள்ளே மணம் கூடுகிறது. பல கார்களில் பெற்றோல் பம் தாங்கிக்குள்ளே, பின் ஆசனத்தின் கீழ் இருக்கிறது. அதன் மேல்வாயில் உள்ள றப்பர் வளையம் பழுதாகியிருக்கலாம்.

• எஞ்சின் விளக்கு எரிகிறது. ஆனால் கசிவைத் தானே தேடும் ஏற்பாடு எல்லா வாகனங்களிலும் இல்லை. ஆகவே விளக்கு எரியவில்லை என்பதால் கசிவு இல்லை என்று முடிவு செய்யக்கூடாது.

5. சோதிக்கும் ஒழுங்கு

தொடங்குமுன்: வாகனத்தை வெளியில், காற்றோட்டமான சமதரையில் நிறுத்துவோம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பீடி, சிகரெட், விளக்கு, அடுப்பு எதுவும் அருகில் இருக்கக்கூடாது. இருட்டில் பார்ப்பதற்கு நெருப்புக்குச்சியை ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. கராஜில் உள்ள பள்ளத்தில் ஆவி தேங்கும் என்பதால் இந்த வேலையை அதற்குள் இறங்கிச் செய்யக்கூடாது.

முதற் கேள்வி: கசிவது திரவமா, ஆவியா? தாங்கியின் அடியிலும் குழாய்களிலும் ஈரம் அல்லது சொட்டு இருக்கிறதா என்று பார்ப்போம். நிலத்தில் காய்ந்த மட்டையை விரித்துச் சிறிது நேரம் விட்டால் சொட்டு தெரியும். திரவம் கசிந்தால் அந்த வாகனத்தை ஓட்டக்கூடாது. அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். ஈரம் எங்கும் இல்லாமல் மணம் மட்டும் வந்தால் கீழுள்ள ஒழுங்கில் தொடர்வோம்.

(அ) மூடி. றப்பர் வளையத்தை விரலால் மடித்துப் பார்ப்போம். வெடிப்போ கடினமோ இருந்தால் மாற்ற வேண்டும். மூடி அமரும் வாயில் துரு இருக்கிறதா என்றும் பார்ப்போம். மூடியை மாற்றும்போது அந்த வாகனத்துக்கு உரிய மூடியையே வாங்க வேண்டும். துவாரமுள்ள பழைய வகை மூடியைக் கரிப்பெட்டி உள்ள வாகனத்துக்குப் போட்டால் ஆவி கசியும். துவாரமில்லாத மூடியைப் பழைய வாகனத்துக்குப் போட்டால் அது மூச்சுத்திணறி நிற்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

(ஆ) குழாய்கள். தாங்கியிலிருந்து கரிப்பெட்டிக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் றப்பர் குழாய்களை முழு நீளத்துக்கும் தடவிப் பார்ப்போம். வளைவுகளிலும் முனைகளிலும்தான் வெடிப்பு வரும். எலி கடித்திருக்கலாம். முன்பு வேலை செய்தவர் ஒன்றைப் பூட்ட மறந்திருக்கலாம். பெற்றோலைத் தாங்கும் குழாயையே மாற்றாகப் போட வேண்டும். தண்ணீர்க் குழாய் விரைவில் ஊறிப் பழுதாகும்.

(இ) வென்ற் வழி. கரிப்பெட்டியின் வெளிக்காற்றுக் குழாயின் முனையைத் தேடிப் பார்ப்போம். எமது கிரவல் வீதிகளின் தூசியும் மாரிகாலச் சேறும் அதை அடைத்துவிடும். குளவி மண்கூடு கட்டுவதும் உண்டு. இதைத் துப்புரவாக்குவதற்குச் செலவே இல்லை.

(ஈ) கரிப்பெட்டி. கழற்றி எடுத்து மெதுவாகக் குலுக்கிப் பார்ப்போம். மிகவும் பாரமாக இருந்து பெற்றோல் வடிந்தால் அதற்குள் திரவம் புகுந்துவிட்டது. உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டாலோ, குழாயில் கருப்புத் துணிக்கைகள் காணப்பட்டாலோ பெட்டி உடைந்துவிட்டது. அப்படியானால் பெட்டியை மட்டும் மாற்றினால் போதாது. துணிக்கைகள் பேர்ஜ் வால்வுக்குள் போய்ச் சிக்கியிருக்கும். அதையும் குழாயையும் சோதிக்க வேண்டும்.

(உ) பேர்ஜ் வால்வு. வால்வைக் கழற்றி வாகனத்திலிருந்து தூரத்தில் வைத்துச் சோதிப்போம். மின் தொடர்பு இல்லாதபோது சைக்கிள் பம்பினால் மெதுவாகக் காற்று விட்டால் காற்று போகக்கூடாது. போனால் வால்வு பழுது. பின்னர் 12 வோல்ற் மின்னை ஒரு கணம் கொடுத்தால் 'டிக்' என்று திறந்து காற்றை விட வேண்டும். வாயினால் ஊதவோ உறிஞ்சவோ கூடாது. பெற்றோல் ஆவி நஞ்சு. காபுரேற்றர் உள்ள பழைய கார்களில் இந்த வால்வு மின்னில் அல்லாமல் எஞ்சினின் உறிஞ்சலில் வேலை செய்யும். அவற்றுக்கு மின்சோதனை பொருந்தாது.

(ஊ) ஸ்கான் கருவி. 1996ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களில் பொதுவான பழுது எண்கள் கட்டாயமாக்கப்பட்டன. இன்று எமது நாட்டில் ஓடும் பல வாகனங்களும் இதே எண்களைத் தருகின்றன. பி 0455 என்றால் பெரிய கசிவு. மூடி இறுகாமல் இருப்பதும் குழாய் கழன்றிருப்பதும் வழமையான காரணங்கள். பி 0442 என்றால் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் துவாரத்தின் அளவான சிறிய கசிவு. பி 0456 என்றால் அதிலும் பாதியளவான மிகச் சிறிய கசிவு. பி 0441 பேர்ஜ் வழியில் ஆவி சரியாக ஓடவில்லை என்பதையும், பி 0446 வென்ற் வழியில் கோளாறு என்பதையும் குறிக்கும். எண் காட்டுவது பழுதுள்ள பகுதியை மட்டுமே. எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. இதை நன்றாக மனதில் பதிப்போம்.

மூடியை இறுக்கியவுடன் விளக்கு அணையாது. வாகனம் இரவு முழுவதும் ஆறி நின்ற பின், தாங்கி நிறையாமலும் வெறுமையாகாமலும் இருக்கும்போதே பெரும்பாலான வாகனங்கள் தம்மைத் தாமே சோதிக்கின்றன. கால் தாங்கிக்கும் முக்கால் தாங்கிக்கும் இடையில் வைத்துச் சில நாட்கள் ஓடிப் பார்க்க வேண்டும்.

(எ) புகைச் சோதனை. இவ்வளவுக்குப் பின்பும் கசிவு அகப்படாவிட்டால் புகை இயந்திரம் உள்ள கராஜுக்குப் போகலாம். அது மிகக் குறைந்த அமுக்கத்தில் புகையைச் செலுத்தும். கசியும் இடத்தில் புகை வெளிவரும். இதற்குச் சதுர அங்குலத்துக்கு அரை இறாத்தல் அளவு அமுக்கமே போதும். ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிறசரை ஒருபோதும் தாங்கியில் இணைக்கக்கூடாது. அதன் அமுக்கம் பல மடங்கு அதிகம். தாங்கியும் குழாய்களும் வெடிக்கும்.

6. நாம் செய்யாமல் விடவேண்டியவை

குழாய் தானாக நின்ற பின்பும் கழுத்துவரை நிரப்பக்கூடாது. 40 லீற்றர் பெற்றோல் 15 பாகை சூடேறினால் அரை லீற்றருக்கும் சற்று அதிகமாகப் பெருகும். அதற்கு இடமில்லாவிட்டால் திரவம் கரிப்பெட்டிக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். 2022இல் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, கிடைத்த நாளில் கழுத்துவரை நிரப்பும் பழக்கம் பலருக்கு ஏற்பட்டது. அந்தப் பழக்கத்தை இப்போது விட்டுவிடலாம்.

இழுவை குறைகிறது என்று மூடியில் ஆணியால் துளை போடக்கூடாது. வாகனம் ஓடும், ஆனால் ஆவி வெளியேறும், மழைநீர் உள்ளே போகும். அடைபட்ட வழி அடைபட்டபடியே இருக்கும்.

வெறும் தாங்கி என்று எண்ணி அதற்கு வெல்டிங் செய்யக்கூடாது. நிறைந்த தாங்கியைவிட வெறுந்தாங்கியே ஆபத்தானது. அதற்குள் ஆவியும் காற்றும் வெடிக்கும் அளவில் கலந்திருக்கும். முறையாகத் துப்புரவாக்கி ஆவியை அகற்றத் தெரிந்தவரிடமே அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

பெற்றோல் வைத்த கலனில் விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கக்கூடாது. எஞ்சிய சிறிதளவு பெற்றோலும் குப்பி விளக்கை வெடிக்கச் செய்யும்.

7. கராஜில் கேட்கவேண்டிய ஒரு கேள்வி

எல்லாச் சோதனைகளையும் எல்லோரும் செய்ய முடியாது. ஆனால் ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லும்போது, "எந்தச் சோதனையில் இது பழுது என்று தெரிந்தது?" என்று பணிவாகக் கேட்க எல்லோராலும் முடியும். நேர்மையான மெக்கானிக் இக்கேள்வியை வரவேற்பார், சோதித்தும் காட்டுவார். தொழில் பழகும் இளைஞர்கள் இக்கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்களாகத் தம்மை ஆயத்தம் செய்ய வேண்டும். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குவோம். அடுத்தவருக்குக் காட்டிப் படிப்பிக்க அது உதவும்.

குழுவாகச் சிந்திக்க

1. எமது கிராமத்தில் பெற்றோல் வாகனங்களும் மோட்டார் சைக்கிள்களும் இரவில் எங்கே நிறுத்தப்படுகின்றன? அருகில் அடுப்போ குப்பி விளக்கோ இருக்கிறதா?

2. கடந்த ஒரு வருடத்தில் சோதிக்காமல் மாற்றிய பாகங்களுக்கு எமது குடும்பங்கள் எவ்வளவு செலவு செய்துள்ளன?

3. அடுத்த கூட்டத்துக்கு ஒரு வாகனத்தைக் கொண்டுவந்து, மூடி, குழாய்கள், கரிப்பெட்டி, பேர்ஜ் வால்வு, வென்ற் வழி ஆகியவற்றை எல்லோரும் தொட்டுப் பார்த்து இனங்காண்போமா?

4. தொழில் தெரிந்த ஒருவரைக் கொண்டு, வருடத்துக்கு ஒரு முறை மாரிக்கு முன் எல்லா வாகனங்களின் மூடிகளையும் குழாய்களையும் பார்க்கும் ஒழுங்கொன்றை எப்படிச் செய்யலாம்?